தீ ஏறிய இலை

1

இந்தக் கதை எனக்கு ஒரு நர்சரியில் கிடைத்தது. ரோஜாக் கன்று வாங்கப் போயிருந்தேன். கண்ணாடிக் கூடத்துக்குள் அக்காவும் தம்பியும் சண்டை போடுவது கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டேன். நல்ல பழக்கம் இல்லைதான். எழுதுகிறவனுக்கு வேறு பிழைப்பு ஏது?

2

முதல் தொடக்கம்: 'பச்சைப் பாம்பொன்று மூங்கிலைச் சுற்றி...' வேண்டாம். பாம்பு வந்தால் செடியை யார் பார்ப்பார்கள்?

இரண்டாவது: அக்கா வளர்த்தது கொடிப்பெரணி, ஃபெர்ன் வகை. (கொடி என்பது பேச்சுக்குத்தான். மூங்கிலைச் சுற்றிக் கூரைவரை ஏறுவது தண்டல்ல, ஒற்றை இலை. தண்டு மண்ணுக்குள் கிடக்கும்.) இதற்கு விதை கிடையாது. இலையோரத்திலிருந்து உதிரும் தூளை, கிருமி சாக வேகவைத்து ஆறவைத்த மண்ணில் தூவிக் கண்ணாடியால் மூட வேண்டும். அது பாசிபோலப் படர்ந்து, பெரணியாக நிமிரும்வரை பொறுமை வேண்டும். அக்காவுக்கு அது இருந்தது. பிள்ளையில்லாத குறையை அவள் இந்தச் செடியில்...

[அடித்துவிட்டேன். அவள் அப்படிச் சொல்லவே இல்லை. என் கை தானாக எழுதியது.]

3

தம்பி தீயணைப்பு வீரன். வலது கையில் கட்டு. நர்சரிக்குப் பின்னாலிருந்த தோப்பில் சருகு பற்றியிருக்கிறது. தரையோடு போயிருக்க வேண்டிய தீ, மரங்கள்மேல் படர்ந்து காய்ந்துகிடந்த இதே பெரணியைப் பிடித்துக்கொண்டு உச்சிக்குப் போய்விட்டது. அந்தத் தீயில் சிக்கிய தீயணைப்பு வண்டி டிரைவர் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

"நான் தொட்டியிலதான்டா வளர்த்தேன். தோப்புல இல்ல."

"தொட்டி எது, தோப்பு எதுன்னு காத்துக்குத் தெரியுமாக்கா?"

"என் செடியிலேருந்துதான் போச்சுன்னு எப்படிச் சொல்ற?"

"இங்க வேற யாரு வளர்க்கிறா?"

அவன் இடக்கையால் தாய்ச்செடியைப் பிடித்தான்.

"டேய், உலுக்காத! தூள் பறக்கும். கதவு திறந்திருக்கு!"

அவன் கை அப்படியே நின்றது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

"மூடுங்க சார்!" இருவர் குரலும் ஒன்றாக வந்தது.

மூடினேன். நான் வெளியே.

4

உள்ளே என்ன நடந்தது? அக்காவே தூள் பறக்காமல் இலைகளை நனைத்து, நறுக்கி, சாக்கில் கட்டினாள் என்று எழுதிப் பார்த்தேன். (எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது.) டிரைவர் கண் திறந்தார், தம்பி மனம் இளகியது என்றும் எழுதினேன். அதைக் கிழித்தேன். கதை பிழைக்க ஒரு ஆளைப் பிழைக்க வைப்பது கேவலம்.

மறு வாரம் போனபோது கூடத்தின் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கின.

"ஒரு சாவி என்கிட்ட. இன்னொண்ணு அவன்கிட்ட" என்றாள் அக்கா. "தனியா யாராலயும் திறக்க முடியாது."

"உள்ள செடி?"

"தண்ணி ஊத்தி நாளாச்சு."

"தம்பி?"

"ஆஸ்பத்திரியிலேயே கிடக்கான். டிரைவருக்கு என்ன ஆகுதுன்னு பார்த்துட்டு வர்றானாம்."

அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, நெற்றியை அதில் பதித்து உள்ளே பார்த்தாள்.

5

தம்பி வந்து தன் சாவியைப் போடும்போது அவள் கையில் பூவாளி இருக்குமா, கத்தரிக்கோல் இருக்குமா? எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது என்றுதான் படுகிறது. நீங்கள் சொல்லுங்கள். ஆனால் அந்த டிரைவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லுங்கள்.