குப்பியைக் கழற்ற மாட்டேன்

எங்கள் ஊரில் ஒரு சட்டம் உண்டு. எந்தச் சட்டசபையும் போட்டதல்ல. நவம்பர் முதல் தேதி வரும் அனைத்துப் புனிதர் திருநாளுக்காகக் கல்லறைகளுக்கு வெள்ளையடிக்கும்போதே, சிட்டுகள் குடிக்க வாசலில் தொங்கும் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பியையும் கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். வைக்காவிட்டால், அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும் ரீங்காரச் சிட்டு அதையே நம்பிக்கொண்டு தெற்கே போகாமல் தங்கிவிடுமாம். அப்புறம் குளிரில் விறைத்துச் செத்துவிடுமாம். லூசியானாவின் இந்தச் சதுப்புக் கரையில் பால்குடி மறக்காத பிள்ளையைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லும்.

நான் கழற்றவில்லை.

கழற்றத்தான் போனேன். நவம்பர் பாதியில், வழக்கத்தைவிடத் தாமதமாக, முக்காலி போட்டு ஏறிக் கொக்கியில் கை வைத்தேன். என் மூக்குக்கு நேரே ஒரு சிட்டு வந்து அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தது. குப்பியைப் பார்த்தது. பிறகு நான் ஒரு ஆளே இல்லை என்பதுபோலக் குடிக்க ஆரம்பித்துவிட்டது. நான் இறங்கிவிட்டேன். வாசலுக்கு வந்த விருந்தைப் பட்டினி போட்டு விரட்டுகிற வழக்கம் எங்கள் கெட்ரி குடும்பத்தில் கிடையாது.

எதிர்வீட்டில் என் தங்கை எர்லீனும் அவள் புருஷன் க்ளோவிஸும் இருக்கிறார்கள். க்ளோவிஸும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அன்றைக்கும் அவனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை, இன்றைக்கும் இல்லை. டிசம்பர் பிறந்ததும் சாலையைக் கடந்து வந்து இடுப்பில் கை வைத்து நின்றான்.

"வெல்மா, அந்தக் குருவியைக் கொல்லாம விடமாட்ட போலிருக்கே!"

"வாரா வாரம் வண்டி நிறைய வாத்தைச் சுட்டுக்கிட்டு வர்றவன் எனக்குப் புத்தி சொல்றியா? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்!"

"வாத்து சாப்பிடறதுக்கு. இது பாவம்."

"வாத்து உன்கிட்ட வந்து, நான் பாவமில்ல, என்னைச் சுட்டுக்கோன்னு சொல்லுச்சாக்கும்?"

அவன் விடவில்லை. கோவில் வாசலில், மளிகைக் கடையில், தலைமுடி வெட்டும் இடத்தில், எங்கே நாலு பேர் நின்றாலும் "வெல்மா ஒரு உசிரைக் கட்டிப்போட்டு வச்சிருக்கா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். என்னோடு பூ வளர்க்கும் பெண்கள்கூட என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். எர்லீன் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவள் எதற்கும் எதுவும் சொல்லமாட்டாள்.

எங்கள் பக்கம் ஒரே ஒரு வகைச் சிட்டுதான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். செங்கழுத்துச் சிட்டு. ஆணுக்குக் கழுத்து சிவப்பு. சிவப்பு இல்லையா, அது பெண், அல்லது குஞ்சு. அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை. ஆனால் இந்தச் சிட்டு ஒருநாள் குளவியை விரட்ட வாலை விரித்தபோது, வாலின் அடியில் துருப்பிடித்த ஆணி நிறம் தெரிந்தது. விலாவிலும் தேநீர் கொட்டிய கறைபோல அதே நிறம். க்ளோவிஸிடம் சொன்னேன்.

"உன் குப்பித் தகரத்துத் துரு ஒட்டியிருக்கும். மூக்குக் கண்ணாடியை மாத்து!" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

வெளியே நான் புலி மாதிரி நின்றேன். உள்ளே எனக்குப் பயம்தான். அவன் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால்? பாசம் பாசம் என்று சொல்லிக்கொண்டு நானே அதைக் கொன்றுகொண்டிருந்தால்? இந்தக் கேள்வியை ஒருவரிடமும் கேட்க முடியவில்லை. கேட்டால் அன்றைக்கே தோற்றுப்போவேன்.

எர்லீனிடம் மட்டும், யாராவது விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று பட்டும் படாமலும் கேட்டேன். "எங்கேர்ந்து வருது, எங்க போகுதுன்னு தெரிஞ்சுக்க சிட்டைப் பிடிச்சுக் காலுல வளையம் போடுற அம்மா ஒருத்தங்க இருக்காங்களாம். டெல்ஃபீன்னு பேரு" என்று சொல்லி போன் நம்பரையும் கொடுத்தாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. டெல்ஃபீன் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள்.

அதற்கு முந்தின ஞாயிறு, புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்த காலை. விடியலில் வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிக் குப்பியை மாட்டிவிட்டுப் பூசைக்குப் போனேன். திரும்பி வந்தபோது கொக்கி வெறுமையாக இருந்தது. குப்பி தொங்கிய அதே இடத்தில், அதே உயரத்தில், சிட்டு காற்றில் நின்று ஒன்றுமில்லாததைத் தேடிக்கொண்டிருந்தது. மூக்கை நீட்டும், பின்வாங்கும், மறுபடி நீட்டும்.

பூசைக்குப் போட்ட செருப்போடே சாலையைக் கடந்தேன். க்ளோவிஸ் வாசலில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் என் குப்பி, காலியாக.

"நல்லதுக்குத்தான் வெல்மா. இப்பவாவது அது தெற்கே..."

"வாயை மூடு! இந்தக் குளிர்ல சோத்துத் தட்டைப் புடுங்கிட்டு நல்லதாம் நல்லது! என் வீட்டு வாசப்படியில ஏற உனக்கு யாரு அனுமதி குடுத்தா?"

"நீ செய்யறது தப்புன்னு ஊரே சொல்லுது."

"ஊரு என்ன, நீ ஊதுன ஊதுகுழல்தானே! கேட்டுக்க. சனிக்கிழமை வளையம் போடுற அம்மா வர்றாங்க. நான் பிடிச்சு வச்ச குருவின்னு அவங்க சொல்லட்டும், இந்தக் குப்பியை உடைச்சுக் குப்பையில போடறேன். கோடையிலகூட மாட்ட மாட்டேன். நீ சொன்னது தப்புன்னா?"

"தப்பாகாது."

"ஆனா?"

"நானே ஏணி போட்டு ஏறி மாட்டறேன், போ!"

முப்பது வருஷமாகக் கோடை முழுக்க எனக்குத் துணை அந்தக் குப்பிதான். ஆத்திரத்தில் பந்தயம் கட்டிவிட்டு, குப்பியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்து அழுதேன். அழுது முடித்ததும் சர்க்கரை கரைத்து மறுபடி மாட்டினேன்.

சனிக்கிழமை க்ளோவிஸ் வாத்து வேட்டையைக்கூட விட்டுவிட்டு வந்து நின்றான். டெல்ஃபீன் ஒல்லியான, அவசரமே இல்லாத பெண். வண்டியிலிருந்து இறங்கியதும் எர்லீனைப் பார்த்து முகம் மலர்ந்து ஏதோ பேச வாயெடுத்தாள். அதற்குள் எர்லீன் ஓடிப்போய் அவள் கையில் காப்பியைத் திணித்துவிட்டாள்.

குப்பியை ஒரு கூண்டுக்குள் தொங்கவிட்டு, கூண்டுக் கதவில் தூண்டில் நரம்பைக் கட்டி, தூரத்தில் உட்கார்ந்தாள் டெல்ஃபீன். சிட்டு கூண்டைச் சுற்றிவந்தது. உள்ளே போனது. நரம்பை விட்டாள். கதவு விழுந்தது.

கையில் எடுத்தபோது அது ஒரு கட்டைவிரல் அளவுகூட இல்லை. வாலை விரித்துப் பார்த்தாள், மூக்கை அளந்தாள், இறக்கையை அளந்தாள்.

"இது உங்க ஊர்ச் செங்கழுத்து இல்ல. செம்பழுப்புச் சிட்டு, பொட்டை. வாலடியில இந்தத் துரு நிறம் பாருங்க. மேற்கு மலைகளுக்கு அந்தப் பக்கம், பனிக்காட்டு ஓரத்துல கூடு கட்டுறது. குளிர்காலத்துக்கு இங்க வருது. வழி தவறி நிக்கல, வர வேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கு. குப்பி இல்லன்னாலும் பூச்சி தேடிப் பிழைக்கும். இருந்தா, உறைபனியில கைகொடுக்கும்."

"துருவாம் துரு!" என்று க்ளோவிஸைப் பார்த்துக் கத்தினேன். "யாரு மூக்குக் கண்ணாடியை மாத்தணும், சொல்லுடா!"

அவன் சாலையைப் பார்த்தான்.

டெல்ஃபீன் சிட்டின் காலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். "ஏற்கெனவே வளையம் இருக்கு. நான் போட்டதுதான்." வளையத்தில் இருந்த எண்ணைக் கைபேசியில் தட்டிப் பார்த்தாள். பிறகு எர்லீனைத் தர்மசங்கடமாகப் பார்த்தாள். "போன குளிர்காலம். இதே தெருவுல."

"இந்தத் தெருவுல வேற யாரு குப்பி மாட்டுனா?" என்றான் க்ளோவிஸ்.

எர்லீன் தன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான்தான். நம்ம கோழிக்கூண்டுக்குப் பின்னால. நாலு வருஷமா மாட்டறேன், இப்பவும் தொங்குது. நீ வேட்டைக்குப் போன அன்னைக்கு இவங்க வந்து வளையம் போட்டாங்க. முட்டை எடுக்க என்னைக்காவது அந்தப் பக்கம் வந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

க்ளோவிஸ் கோழிக்கூண்டுப் பக்கம் எட்டிப் பார்த்தான். நான் எர்லீன்மேல் பாய்ந்தேன்.

"அடிப்பாவி! ஊரே என்னைக் கொலைகாரின்னு சொன்னப்ப வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"உனக்கு சண்டை போட்டுட்டுப் போய்ப் படுத்துக்க உன் வீடு இருக்கு வெல்மா. நான் சண்டை போட்டா இவரு பக்கத்துலதான் படுக்கணும். அதான் ஒளிச்சு வச்சேன்." என் பக்கம் வந்து நின்றாள். "தப்புதான். உன்னைத் தனியா விட்டுட்டேன். இனிமே ஒளிக்க மாட்டேன்."

வளையம் பார்த்து முடிந்ததும் சிட்டை அந்த வீட்டுக்காரர் உள்ளங்கையில் வைத்துப் பறக்கவிடுவது டெல்ஃபீன் வழக்கமாம். நான் கையை நீட்டினேன். எர்லீன் என் கையைத் தாழ்த்தினாள்.

"இவரு கையில வைங்க."

துப்பாக்கி பிடித்துக் காய்த்துப்போன அந்த உள்ளங்கையில் சிட்டு அப்படியே படுத்திருந்தது.

"சொல்லு க்ளோவிஸ்" என்றாள் எர்லீன். "தெற்கே போகச் சொல்லு."

அவன் குனிந்து சிட்டைப் பார்த்தான். "இதோட நெஞ்சு துடிக்குது... கையெல்லாம் அதிருது" என்று முணுமுணுத்தான். அவன் குரல் அத்தனை சின்னதாக நான் கேட்டதில்லை. சிட்டு கண்ணைத் திருப்பியது, எழும்பியது, சாலையைக் கடந்தது, அவன் வீட்டுக் கூரைக்கு மேலேறிக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் நேராக இறங்கியது.

"அந்தக் குப்பியை நம்ம முன்வாசலுக்குக் கொண்டுவரப் போறேன்" என்றாள் எர்லீன். "கழட்டணும்னா கழட்டிக்கோ. அன்னைக்கிலிருந்து உன் வாத்தை நீயே உரிச்சு, நீயே கம்போக் குழம்பு காய்ச்சிக் குடிச்சுக்கோ."

க்ளோவிஸ் என்னைப் பார்த்தான். நான் ஏணி இருக்கும் என் கொட்டகையைக் கைகாட்டினேன். போய் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"முதல்ல எந்த வீட்டுக்கு?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் எர்லீன் சொன்னாள்:

"என் வீட்டுக்கு."