ஒரு இன்ச் கூடிய கேபின்

காலை பத்தே முக்காலுக்குத் தெருவில் பாதிப்பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரேனின் சங்கிலியில் நீல நிறத் தகரக் கேபின் ஒன்று லேசாக ஆடியபடி வந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே, இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாள் அதன் சொந்தக்காரி. ஜன்னல் ஸ்கிரீன் தைப்பது அவள் தொழில்.

"மேலேயே பாக்காதே, கழுத்து சுளுக்கிக்கும்," என்றான் அண்ணன். வாடகைக் கார் ஓட்டுகிறவன். இன்று தங்கைக்காக லீவு போட்டிருந்தான்.

"சும்மா இருண்ணே, அது கீழ வந்து உக்கார்ற வரைக்கும் கண்ணை எடுக்க மாட்டேன்."

எப்படி எடுப்பாள்? மூன்று வருஷமாகப் படுக்கையறையில்தான் தொழில். காலையில் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தால் கடை திறந்த மாதிரி, ராத்திரி படுக்கப்போட்டால் மூடின மாதிரி. போன மாதம் ஒரு ஹோட்டல் மேனேஜர் அம்மா வந்து பார்த்தார். தையலைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு துணியை முகர்ந்தார். "தையல் சுத்தம். ஆனா தாளிச்ச வாசனை அடிக்குதும்மா. தனியா ஒரு இடம் போட்டுட்டுச் சொல்லுங்க. நாப்பத்திநாலு ஜன்னல் இருக்கு." இன்று பதினோரு மணிக்கு அவர் மறுபடி வருகிறார். இடம் இல்லையென்றால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

சமையலறைச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே கேபின் உட்கார வேண்டும். அந்த இடத்தை அவள் ஒரு தடவை அல்ல, மூன்று தடவை அளந்திருந்தாள். தன்மேல் அவ்வளவு நம்பிக்கை. பதினாறடி மூன்று இன்ச். கேபின் பதினாறடி போதும் என்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தாள்.

கேபின் இறங்கியது. இறங்கியது. 'கிர்ரக்' என்று ஒரு சத்தம். நின்றுவிட்டது.

கிரேன்காரர் தலையை நீட்டினார். "அக்கா, போகாது. இடிக்குது."

"எவ்வளவு இடிக்குது?"

அவர் இறங்கி வந்து டேப்பைப் பிடித்தார். "ஒரு இன்ச்."

"ஒரு இன்ச்சா!" அண்ணன் தலையில் கை வைத்தான். "ஆனையே போயிடுச்சு, வால் மாட்டிக்கிச்சு."

அவள் உள்ளே ஓடி, கேபின் செய்த கம்பெனிக்குக் கொடுத்த படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தாள். பதினாறடி நான்கு இன்ச். அவள் கையெழுத்தேதான். எப்படி வந்தது இந்த நான்கு? நோட்டைப் பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள். சட்டென்று பிடிபட்டது. இந்தப் பக்கம் தையலுக்கு இரண்டு, அந்தப் பக்கம் தையலுக்கு இரண்டு. மடித்துத் தைக்கத் துணிக்குக் கூட்டுகிற பழக்கத்தில், கை தகரத்துக்கும் கூட்டிவிட்டது!

அவள் வெளியே வந்தபோது தெருவில் கார் ஒன்று வந்து நின்றது. மேனேஜர் அம்மா இறங்கி, குடையை மடக்கினார்.

"எங்கம்மா உங்க கடை?"

அவள் விரலை மேலே காட்டினாள். கிரேன்காரர் மறுபடி தூக்கிவிட்டிருந்தார். கடை அந்தரத்தில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

"கம்பெனிக்காரன் தப்பு மேடம்," என்று அண்ணன் முந்திக்கொண்டான். "அளவை மாத்திச் செஞ்சுட்டான்."

"அப்படியா? மாத்தி வாங்க எத்தனை நாளாகும்?"

"மூணு வாரம் ஆகும்..." என்று இழுத்தான்.

மேனேஜர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் புரிந்தது. சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. போகிறதுதான் போகிறது, பொய்யோடு ஏன் போகவேண்டும்?

"கம்பெனி தப்பு இல்ல மேடம், என் தப்புதான். ஸ்கிரீன் தைக்கிற பழக்கத்துல கேபினுக்கும் தையலுக்கு நாலு இன்ச் விட்டுட்டேன்."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். மேனேஜர் அம்மா சிரிக்க ஆரம்பித்தார். குடையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"போன வருஷம் ஒருத்தர் தைச்சுக் குடுத்தாரும்மா. துணி மிச்சம் பிடிக்கிறேன்னு இறுக்கி வெட்டிட்டார். முதல் சலவையிலேயே ஸ்கிரீன் எல்லாம் முழங்காலுக்கு ஏறிப்போச்சு. நீங்க எப்பவும் கூட்டித்தான் வெட்டுவீங்களா?"

"கை தானா கூட்டிடும் மேடம். அதான் பாக்குறீங்களே."

"சரி. இப்ப இதை எங்க வைக்கப் போறீங்க?"

அவள் வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். வீட்டில் மிச்சமிருந்த ஒரே இடம் முன்வாசல். அங்கே நிற்கும் தன் காருக்கு ஒரு கூரை போடவேண்டும் என்பது அண்ணனின் பல நாள் ஆசை. அதற்காக நான்கு கம்பமும் வாங்கிப் போட்டிருந்தான். அவள் கேட்கவில்லை. அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அவன் சட்டைப்பையில் கார்ச் சாவி குலுங்கியது.

"ரெண்டு நிமிஷம் குடுங்க மேடம்," என்றான் அண்ணன். "வண்டியை எடுத்துடறேன்."

"அண்ணே..."

"அழுது வைக்காதே. உன் கேபினுக்கு அளவு தெரியாது, என் காருக்கு வெயில் தெரியாது. சரியாப் போச்சு."

கார் தெருவுக்குப் போனது. கேபின் வானத்தில் அரை வட்டம் அடித்து முன்வாசலுக்கு வந்தது. பின்பக்கத்திலிருந்து தூக்கி வந்து வைத்த எட்டுக் கற்களின் மேல், பூனை உட்கார்வதுபோல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. தெருவில் யாரோ கைதட்டினார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். தரை 'தும் தும்' என்று பதில் சொன்னது. புது பெயிண்ட் வாசனை மட்டும்தான், தாளிப்பு இல்லை. பின்பக்கம் போயிருந்தால் சுவரைப் பார்த்திருக்கும் ஜன்னல், இப்போது தெருவையே பார்த்தது. வெளிச்சம் கொட்டியது. முதலில் இந்த ஜன்னலுக்கு ஒரு ஸ்கிரீன் தைக்கவேண்டும் என்று நினைத்து, வேண்டாம், இது இப்படியே இருக்கட்டும் என்று மாற்றிக்கொண்டாள்.

பின்னால் ஏறி வந்த மேனேஜர் அம்மா மூச்சை இழுத்துப் பார்த்தார். "நாளைக்கே அளவெடுக்க வந்துடுங்க."

அவள் நோட்டைத் திறந்தாள். பேனாவை எடுத்தாள்.

வாசலிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தான். "ஜன்னல் நாப்பத்திநாலுன்னு எழுது. தையலுக்குன்னு நாப்பத்தெட்டு ஆக்கிடாதே!"