ஹம்சாவின் வாய்

அங்கன்வாடியில் சேர்ந்து மூன்று மாதமாகியும் ஹம்சா வாயைத் திறக்கவில்லை. பாட்டுக்கும் இல்லை, அழுகைக்கும் இல்லை. பிரமிளா மிஸ் பதினெட்டு வருஷமாகச் சிட்லகட்டாவில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவள். அவளுக்கே கலக்கமாக இருந்தது. வீட்டில் விசாரிக்கலாமென்றால், தாய் முனிரத்னா வாசல்வரைகூட வருவதில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் நின்று கையசைப்பாள். குழந்தை ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளும். பெற்றோர் கூட்டத்துக்கு இரண்டு முறை ஆளனுப்பியும் வரவில்லை. பெற்றதோடு சரி என்று இருக்கிறாள் போல என மிஸ் மனதுக்குள் முடிவுகட்டிவிட்டாள்.

ஒரு புதன்கிழமை மதியம், பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு, முனிரத்னா வேலை செய்யும் பட்டுநூல் பட்டறைக்கே போனாள். பட்டுக்கூடுகள் வெந்நீரில் கொதித்துக்கொண்டிருந்தன. வெந்த புழுவின் வாடை மூக்கில் அறைந்தது. அவளைக் கண்டதும் முனிரத்னா பதறி எழுந்து பின்னால் நகர்ந்தாள்.

"கிட்ட வராதீங்க மிஸ். எத்தனை தேய்ச்சுக் குளிச்சாலும் இந்த நாத்தம் போகாது. மத்த அம்மாங்க முன்னாடி நான் வந்து நின்னா பிள்ளைக்குத்தானே வெக்கம்?"

மிஸ்ஸுக்கு முகம் சுண்டிப்போனது. அங்கே கிடந்த பலகையில் உட்கார்ந்து, ஹம்சா பேசாததை மெல்லச் சொன்னாள். முனிரத்னா நம்பவேயில்லை.

"அவளா? வீட்ல வாய் மூடுறதில்லையே. துண்டை முந்தானையாப் போட்டுக்கிட்டு உங்களை மாதிரியே நிக்கிறா. 'வரிசை, வரிசை, இடிச்சா முட்டை கிடையாது'ன்னு கோழிங்களை மிரட்டுறா."

நூல் இழுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். மிஸ்ஸும்தான்.

அப்புறம் முனிரத்னா யோசித்து, குழந்தையை எதிரே உட்காரவைத்துக் கேட்டால் பேச்சு வராது, கையில் ஏதாவது வேலை கொடுத்தால் தானாக வரும் என்றாள்.

மறுநாள் மிஸ் ஒரு முறம் அவரைக்காயை ஹம்சாவின் முன்னால் வைத்துத் தானும் உரிக்க உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பாதி முறம் ஆனபோது, குழந்தை தலை தூக்காமலே சொன்னது:

"மிஸ், இதுல புழு இருக்கு. எங்கம்மாகிட்ட குடுங்க, நூல் எடுத்துடும்."

சிரித்தால் நிறுத்திவிடுமோ என்று மிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சரிடி கண்ணு, குடுத்துடலாம்" என்றாள். மாலையில் அதைக் கேட்டு முனிரத்னா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அந்த மாதக் கூட்டத்தை மிஸ் பட்டறை முற்றத்திலேயே வைத்தாள். அதுவரை எட்டிப்பார்க்காத ஐந்து தாய்மார் ஈரக்கையோடு வந்து உட்கார்ந்தார்கள். முதலில் பேசியவள் முனிரத்னா.