ஒரு தட்டு என்றால் நில்

பழைய கார் விற்பவன் பாட்டைப் போட்டுவிட்டுத்தான் எஞ்சினைக் கிளப்புவான். வாங்க வந்தவன் விவரமானவன் என்றால் முதலில் பாட்டை நிறுத்தச் சொல்வான். அன்று மத்தியானம் என் பட்டறையில் நிறுத்தப் பாட்டும் இல்லை, ஏமாற்ற ஆளும் இல்லை. கார் அக்காவுடையது. டைமிங் பெல்ட்டை மாற்றியவன் நான். கிளப்பியதும் உள்ளே ஏதோ தட்டியது.

டக். கொஞ்சம் இடைவெளி. டக்.

"நேத்து வரைக்கும் இந்தச் சத்தம் இல்லையேடா," என்றாள் அக்கா, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. பின் சீட்டில் பெட்டிகளுக்கு நடுவே அவள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"புது பெல்ட்டுக்கா. பழகிக்கும்."

"செருப்பா அது, கடிச்சுக் கடிச்சுப் பழகறதுக்கு?"

இருட்டுவதற்குள் அவள் மலையிறங்கி அடுத்த ஊர் போய்ச் சேர வேண்டும். மறுநாள் காலையில் புது வேலை. வளைவில் பெல்ட் நழுவினால் எஞ்சின் அணையும், ஸ்டியரிங் கல்லாகும், பிரேக் மிதி இறுகிவிடும். பக்கத்தில் பள்ளம். "பழகிக்கும்" என்று இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆயில் சரியாக இருந்தது. பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். பிஸ்டனிலோ பேரிங்கிலோ கோளாறு என்றால், அந்த சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் குறையும். எஞ்சின் நொண்டியது, தட்டு குறையவில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். எஞ்சின் அலறியது. எந்தத் தட்டும் எஞ்சினோடு சேர்ந்து வேகம் பிடிக்க வேண்டும். இது பிடிக்கவில்லை. அவசரமில்லாதவன் கதவைத் தட்டுவதுபோல அதே நிதானம்.

"அணைச்சிடுக்கா."

அணைத்தாள். சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன்.

டக்.

"சூடு ஆறுது. இரும்பு சுருங்கும்," என்றேன், யாரும் கேட்காமலே.

நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தினேன். அடிப்பகுதி அமைதி. மேல்மூடி அமைதி. பெல்ட்டை மறைத்திருந்த பிளாஸ்டிக் மூடியில் வைத்ததும் தட்டு காதுக்குள்ளேயே விழுந்தது. இரும்பில் இரும்பு படும் சத்தம் எனக்குத் தெரியும். இது விரல் முட்டி.

அக்கா புருஷனும் நானும் பதினெட்டு வருஷம் ஒரே பட்டறை. பெல்ட் மாட்டுவது என் வேலை. அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் போல்ட்டுக்குக் கடைசி முறுக்குக் கொடுப்பது மச்சான். அந்த விஷயத்தில் என் கையை அவர் நம்பியதே இல்லை. நான் சாவியில் கைவைத்து உட்கார்ந்திருப்பேன். பானெட்டில் ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் கிளப்பு. வாயைத் திறந்தால் சண்டை வரும் என்பதால் வந்த ஏற்பாடு.

இரண்டு மாதத்துக்கு முன் மச்சான் இறந்துபோனார். அதன்பிறகு நான் தொட்ட முதல் டைமிங் பெல்ட் இது.

மூடியைக் கழற்றினேன். ஸ்பேனரே தேவைப்படவில்லை. போல்ட் விரலுக்கே சுற்றியது. பெல்ட் ஒரு பல் நகர்ந்திருந்தது. என் பங்கை முடித்து, அவர் பங்கை வழக்கம்போல அவருக்கு விட்டுவிட்டு, "கிளப்புக்கா" என்று சொல்லியிருக்கிறேன்.

"ஏன்டா முகம் வெளுத்துப்போச்சு?"

"ஒரு போல்ட்டை முறுக்கலக்கா."

"மறந்துட்டியா?"

"அது மச்சான் முறுக்கறது."

அக்கா பின்னால் திரும்பி, மகள் மேல் சரிந்திருந்த பெட்டியை நகர்த்தி வைத்தாள்.

பல்சக்கரங்களில் இருக்கும் குறிகளைச் சேர்த்து பெல்ட்டை மறுபடி மாட்டினேன். எஞ்சினை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். குறிகள் நேராக வந்து நின்றன. போல்ட்டை முறுக்கினேன். போதும் என்று கையை எடுத்தேன்.

டக்.

சாகும்வரை நம்பாத மனுஷன், இப்போது மட்டும் நம்பிவிடுவாரா? இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். சத்தம் இல்லை.

மூடியை மாட்டி, பானெட்டை இறக்கி, சாவியை அக்காவிடம் கொடுத்தேன். போட்டாள்; திருப்பவில்லை.

"கிளப்புக்கா."

"இருடா."

அவர்கள் வீடு பட்டறைக்கு மேலேயேதான். பதினெட்டு வருஷம் அந்தத் தட்டுகளைக் கேட்டுத்தான் அவள் சோறு எடுத்து வைத்தாள்.

டக். டக்.

நான் காரைவிட்டு நாலடி தள்ளி, இரண்டு கையிலும் துணியோடு நின்றிருந்தேன். அக்கா என் கைகளைப் பார்த்தாள். அப்புறம் சாவியைத் திருப்பினாள்.