மூன்றில் ஒரு பங்கு

மரீட்சா நதிக்கரையில் குடமிளகாயைச் சுட்டுக் கண்ணாடிப் புட்டியில் அடைக்கும் ஆலை. அதன் டைரக்டர் ஸ்டாமெனுக்கு இத்தனை காலமும் ஒரே வாடிக்கையாளர், மாஸ்கோ. விற்பனை என்றால் அவருக்குத் தெரிந்ததெல்லாம், ரயில் பெட்டி நிரம்பியதும் கோப்பையை உயர்த்தி நட்புறவு வாழ்க என்று கத்துவதுதான். அந்தக் கத்தலில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ரூபிள் கணக்கு போய் டாலர் கணக்கு வந்ததும் மாஸ்கோ குடமிளகாய் தின்பதையே மறந்துவிட்டது.

ஜெர்மனியிலிருந்து விட்காம்ப் என்ற வியாபாரி வந்தார். இந்த ஆர்டர் தவறினால் அறுவடைக்கு முன்பே ஆலையை இழுத்து மூட வேண்டியதுதான். மேஸ்திரி யோர்டாங்கா ஸ்டாமெனின் டையை இழுத்துச் சரிசெய்தாள்.

"டைரக்டரே, நல்லதா நாலு வார்த்த பேசுங்க. வாழ்க கீழ்கன்னு கத்தித் தொலைக்காதீங்க."

விட்காம்ப் ஒரு துண்டைச் சுவைத்தார், கேட்காமலே இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். "பிரமாதம். வருஷத்துக்கு எத்தன டன் குடுப்பீங்க?"

ஸ்டாமெனின் முகம் தானாகத் தொங்கியது. அந்தக் காலத்தில் தலைநகர் சோபியாவிலிருந்து வரும் திட்ட அதிகாரிகளும் இதைத்தான் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் அடுத்த வருட இலக்கை ஏற்றித் தலையில் கட்டிவிடுவார்கள். ஆகவே மூக்கால் அழுது மூன்றில் ஒரு பங்கு சொல்ல வேண்டும். அவர்களும் நம்பாமல் இரட்டிப்பாக எழுதிக்கொண்டு போவார்கள்.

"மெஷினெல்லாம் பழசுங்க," என்றார் ஜெர்மன் மொழியில். "மூடி கெடைக்கறதில்ல. முந்நூறு டன்னே பெரும்பாடுங்க." நடிப்பு பிரமாதமாக வந்ததில் அவருக்கே கண் கலங்கியது.

யோர்டாங்காவுக்கு ஜெர்மன் தெரியாது, அந்த முகம் தெரியும். தலையில் கைவைத்துக்கொண்டாள். அப்போதுதான் ஸ்டாமெனுக்கு உறைத்தது.

"இல்லீங்க, தொள்ளாயிரம்! தாராளமா தொள்ளாயிரம் வரும்!"

விட்காம்ப் அவரை அன்போடு பார்த்தார். "எனக்காக முடியாததுக்கெல்லாம் வாக்குக் குடுக்காதீங்க. உள்ளத உள்ளபடி மொதல்லயே சொன்னீங்க பாருங்க, அது போதும்." முந்நூறு டன்னுக்குக் கையெழுத்துப் போட்டார். மீதியை ஹங்கேரியில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

"எத்தன?" என்றாள் யோர்டாங்கா.

"முந்நூறு."

"அப்ப மூணு பேருல ஒருத்தருக்குத்தான் வேல. எல்லாரும் முற்றத்துல நிக்கிறாங்க. யாரு இருக்கணும், யாரு போகணும்னு நீங்களே போய்ச் சொல்லுங்க."

ஸ்டாமென் டையை அவிழ்த்தார். அவமானத்தில் சிரிப்புத்தான் வந்தது.

"வருஷம் தவறாம பொய் சொன்னேன் யோர்டாங்கா. ஒரு பய நம்பல, ஆலை ஓடுச்சு. இன்னிக்கு ஒருத்தன் நம்பிட்டான்."