பிரேக்கில் எண்ணெய் விட்டவன்

செய்கு அப்துல் காதிருக்குச் சந்தேகம் பிறவிக்குணம். பிறந்த அன்று மருத்துவச்சி அவரை உம்மாவின் பக்கத்தில் கிடத்தியபோது, அழாமல் தலையைத் திருப்பி, சரியான வீட்டில்தான் கொடுத்திருக்கிறார்களா என்று ஒரு சுற்றுப் பார்த்தாராம். நேரில் கண்ட மூன்று பேர் சொன்னது. மூவரும் இப்போது இல்லை, ஆகவே மறுப்பாரும் இல்லை. ஷார்ஜாவில் இருபத்தாறு வருஷம் ஒரு கிடங்கைப் பார்த்துக்கொண்டார். அங்கே ஓர் ஆணிகூடக் காணாமல் போகவில்லை. ஆணிகளே பயந்துபோய் வைத்த இடத்தில் இருந்தன.

காயல்பட்டினம் திரும்பிய பிறகு அவர் நம்பிய பொருள் ஒன்றுதான்: பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு விடுமுறையில் வாங்கிய பைக். அதுவும் இப்போது அவரை ஏமாற்றத் தொடங்கியிருந்தது. மூன்று மாதத்தில் இரண்டு தடவை முன் சக்கரத்து டிஸ்க் பிரேக் பிடித்த பிடியை விடாமல் நின்றுவிட்டது. இரண்டாம் தடவை, ஆறுமுகநேரி ரயில்வே கேட் பக்கத்தில், பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி ரஹ்மத்துன்னிஸா, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்து மடியில் வைத்திருந்த வட்டிலப்பத்தோடு கீழே விழுந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வட்டிலப்பத்தைப் பற்றி இன்றுவரை யாரும் பேசுவதில்லை.

எழுந்து சேலையைத் தட்டிவிட்டு அவள் சொன்னாள்: "இன்னொரு தடவை இது இப்படிப் பிடிச்சா, பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுத் தூக்கிப் போட்டுருவேன்."

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பவர். முப்பது வருஷம் ஆகியும் அவர் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையே. வாசலில் எது நிற்கலாம், எது நிற்கக்கூடாது என்பது அவள் வாயில்தான் இருந்தது.

இரண்டு தடவையும் பிரேக்கைச் சரிசெய்த இரண்டு மெக்கானிக்குகளும் போலி ரப்பர் சீல் போட்டுவிட்டார்கள் என்று அவர் முடிவு கட்டினார். காயலிலும் ஆறுமுகநேரியிலும் சந்தேகப்பட ஆள் தீர்ந்துவிட்டதால், வியாழக்கிழமை காலையில் தூத்துக்குடி துறைமுகச் சாலைக்கு வந்தார். மந்திரமூர்த்தியின் பட்டறையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அவனுடைய மூக்குக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி உக்காருதியளா? வெளிச்சம் மறைக்குது."

"நீ வேலையைப் பாரு. நான் உன்னைப் பாக்கேன்."

மந்திரமூர்த்தி டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரைக் கழற்றி, அதன் வாய்க்குள் ஒரு மரத்துண்டைக் கொடுத்து, கம்ப்ரஸர் காற்றை விட்டான். பிஸ்டன் 'டொப்'பென்று வந்து மரத்தில் முட்டியது.

"கட்டை எதுக்கு?"

"கட்டை வைக்காம ஒருக்கா விட்டேன். பிஸ்டன் பறந்துபோயி கொழும்புக் கப்பல்ல விழுந்துட்டு. அடுத்த நடையிலதான் கொண்டாந்து குடுத்தாங்க."

செய்கு அப்துல் காதிர் அதை நம்பினார். கொண்டுவந்து கொடுத்தது அதே பிஸ்டன்தானா என்பதில் மட்டும் அவருக்கு ஐயம் இருந்தது.

மூங்கில் குச்சியால் பழைய சீல் வளையத்தை நெம்பி எடுத்து, புதியதன் பக்கத்தில் வைத்தான் மந்திரமூர்த்தி. இரண்டிலும் ஒரே நம்பர். பழையது மட்டும் தண்ணீரில் கிடந்த முறுக்கு மாதிரி பருத்திருந்தது.

"சீல் ஒரிஜினல்தான், அண்ணாச்சி. ஆனா ஊதியிருக்கு. ரப்பர் தன்னால ஊதாது. பிரேக் ஃப்ளூயிட் தவிர வேற எந்த எண்ணெய் பட்டாலும் ஊதிப்போயி பிஸ்டனை விடாது. யாரோ இதுல எண்ணெய் விடுதாங்க."

அவர் முகத்தில் பெருநாள் பிறை தெரிந்தது. "யாரு?"

"எனக்கென்ன தெரியும்? பைக்குப் பக்கத்துல அடிக்கடி வாரவன்."

மந்திரமூர்த்தி சீல் உட்காரும் பள்ளத்தில் படிந்த வெள்ளை உப்பைச் சுரண்டி, புதிய சீல் வளையத்தை ஃப்ளூயிடில் நனைத்துப் பொருத்தி, பிஸ்டனைக் கட்டைவிரலால் நேராக அழுத்தினான். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. லீவரை அமுக்கி அமுக்கிக் குழாயிலிருந்த காற்றுக்குமிழியெல்லாம் வெளியேற்றினான். செய்கு அப்துல் காதிர் எதையும் பார்க்கவில்லை. அவர் மனசுக்குள் தெருவையே வரிசையாக நிற்க வைத்திருந்தார்.

அந்த வரிசையில் அவர் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகைக்குக் குளிக்கும் முன், கோழி இறகால் பைக்கின் இண்டு இடுக்கெல்லாம் சுறா எண்ணெய் தடவுவது அவர் வழக்கம். அவர் வாப்பா தோணிக்குத் தடவியது அது. அவர் கணக்கில் அது எண்ணெய் அல்ல, மருந்து. கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் அப்படி. உப்பளத்துச் சுவரில் ஒருவர் சைக்கிளைச் சாத்திவிட்டு லுஹர் தொழுதுவிட்டு வந்தபோது மணி மட்டும்தான் மிச்சமிருந்ததாம். மந்திரமூர்த்திக்கும் அந்த வாடை அடித்திருக்கும். தூத்துக்குடியில் மீன் வாடைக்கு யார் மூக்கைத் திருப்புகிறார்கள்?

மறுநாள் விடியற்காலை சுப்ஹுத் தொழுகை முடித்த கையோடு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஏழு மணிக்கு மச்சினன் இஹ்ஸான் வந்து, பைக் பக்கத்தில் நின்று கொட்டாவி விட்டான். எதற்கு அங்கே வந்து விட வேண்டும்? எட்டரைக்கு எதிர்வீட்டு ஆடு வந்து டயரை முகர்ந்தது. அதன் வாயையும் கூர்ந்து பார்த்தார். பத்தாகியும் ஒருவனும் சிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலை வேறு காத்திருந்தது.

"நிஸா, நீ இங்கன உக்காரு. கண்ணை எடுக்காத. எவனாவது வண்டிகிட்ட வந்தா சத்தம் குடு. எண்ணெய் விடுத கள்ளன் இன்னிக்கு மாட்டணும்."

அவள் உரிக்க வேண்டிய ஈருள்ளி வெங்காயமும் முறமுமாக வந்து உட்கார்ந்தாள். அவர் கொல்லைப்பக்கமாகப் போய், சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னலிலிருந்து, மகன் பேரைச் சொல்லி அவரைக் கூப்பிடும் அவள் குரல் வந்தது. "நவாஸ் வாப்பா, ஆளு வந்தாச்சு."

அவர் குந்தியபடியே உறைந்துபோனார். தலையைத் திருப்பவில்லை, கள்ளன் உஷாராகிவிடுவான். "எங்கன?" என்றார், உதடு அசையாமல்.

"முன் சக்கரத்துகிட்ட குந்தியிருக்காக."

"கள்ளனுக்கு என்னளா மரியாதை?"

"முப்பது வருசமாப் பழகிட்டு."

"கையில என்ன வச்சிருக்கான்?"

"ஒரு கையில குப்பி. ஒரு கையில கோழி இறகு. இப்போ சொட்டு விழப்போவுது."

அவர் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். ஆடு மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியாகத் தன் கையைப் பார்த்தார். இறகின் நுனியில் திரண்ட சொட்டு, கேலிப்பருக்கு இரண்டு விரற்கடை மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

குப்பியைக் கீழே வைத்துவிட்டு, அதை அவர் இடது உள்ளங்கையில் ஏந்தினார்.

"நல்லாப் பாத்தியா? வேற ஆளா இருக்கப்போவுது," என்றார்.

"குப்பியை இங்கன கொண்டாங்க," என்றாள் அவள், ஈருள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜும்ஆ முடிந்து சாயங்காலம், புதிய வட்டிலப்பத்தோடு ரஹ்மத்துன்னிஸா பின்னால் ஏறினாள். ஆறுமுகநேரியில் ரயில்வே கேட் மூடிக்கொண்டு வந்தது. அவர் பிரேக்கைப் பிடித்தார், வண்டி நின்றது. கேட் திறந்தது. லீவரை விட்டார், சக்கரம் உருண்டது. பழைய இரும்புக்காரனைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை.

கொஞ்ச தூரம் போனபின் அவர் கண்ணாடியைத் திருப்பி, அவள் மடியிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தார். அதில் இருப்பது வட்டிலப்பம்தானா என்று கேட்க வாயெடுத்தார். ஓடுகிற வண்டியில் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.