இடது வரிசை

“தேத்தண்ணி வேணாம் புள்ள. இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்.”

திரேசம்மா லயத்து வீட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். குடையைக்கூட மடக்கவில்லை. இந்த வீட்டில் எதை நீட்டினாலும் திரேசம்மா அப்போதுதான் குடித்துவிட்டு வந்திருப்பாள் என்பது பிரேமலதாவுக்குத் தெரியும். தெரிந்துதான் நீட்டினாள்.

“திருநாள் பூசைக்கு நீ நற்கருணை குடுக்க வேண்டியதில்லையாம். பூச்சோடிக்கிற வேலைய பாப்பியாம். அதுவும் சாமி வேலதானே?”

“யாரு சொன்னா?”

“வழிபாட்டுக் குழுவுல முடிவாம்.”

“நானும் குழுவுல இருக்கேனேக்கா. கூட்டம் இன்னைக்குப் பின்னேரம்தானே?”

“முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிட்டு வரச்சொல்லித் தலைவர் அனுப்பினாரு.”

கட்டிய புருஷனைத் திரேசம்மா தலைவர் என்றுதான் சொல்வாள். லாசரு தோட்டத்தில் சங்கத் தலைவர்; கோயிலில் வழிபாட்டுக் குழுத் தலைவர். காலையில் பேர் பதியும் பிரட்டுக்களத்தில் தொரைக்கு முன்னால் வளையும் முதுகு, கோயிலுக்குள் நுழைந்ததும் நிமிர்ந்துகொள்ளும்.

திரேசம்மா படியிறங்கிப் போனதும் பிரேமலதாவின் புருஷன் மதுசன் மெல்ல வாயைத் திறந்தான். “விட்டுரு லதா. புது வீட்டுக்கு நம்ம பேர அவருதான் சொல்லணும். இந்த மழைக்கு மேல உள்ள மண்ணு எப்ப எறங்கும்னு தெரியாது.”

“அந்தாளு காலப் புடிச்சு வாங்குற வீட்டுல எனக்குத் தூக்கம் வராது” என்றாள் பிரேமலதா. தேநீரைத் தானே குடித்து முடித்தாள்.

மதுசனின் அப்பா இருளப்பன் தோட்டத்து வாசக்கூட்டி. லயத்துக் கக்கூசுகளையும் சாக்கடைக் கான்களையும் ஆயுள் முழுவதும் கழுவியவர். மதுசன் ரப்பர் பால் வெட்டுகிறான். பிரேமலதா பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்க்கிறாள். கக்கூசு கழுவும் வேலை அந்த வீட்டை விட்டுப் போய் வெகுகாலம். ஆனால் ஊர் அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஞானஸ்நானத் தண்ணீர் ஜென்மப் பாவத்தையே கழுவிவிடும் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். சாதியைக் கழுவுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கு யார் பதில் சொல்வார்கள்?

கூட்டம் பெருகியதால், பூசையில் தன்னோடு நற்கருணை அப்பம் கொடுக்க இன்னொருவர் வேண்டும் என்று பாதர்தான் கேட்டார். இரத்தினபுரியில் பயிற்சி, இடையில் நிற்காமல் போய்வர வேண்டும் என்றதும் குழுவில் எல்லாருக்கும் வேலை வந்துவிட்டது. பிரேமலதா போனாள். ஆசி பெற்று வந்து முதல் ஞாயிறு, பாதர் வலது வரிசைக்கும் அவள் இடது வரிசைக்குமாக நின்றார்கள். இடதுபக்கத்துச் சனம் எழுந்தது. எழுந்து, பின்பக்கமாகச் சுற்றி, வலது வரிசையின் வாலில் போய்ச் சேர்ந்துகொண்டது. ஒரு கிழவர் ஊன்றுகோலோடு அத்தனை தூரமும் நடந்தார். அப்பப் பாத்திரத்தை ஏந்தியபடி பிரேமலதா வெறும் தரையைப் பார்த்து நின்றாள். அதன்பிறகு எல்லா ஞாயிறும் அதே கூத்து.

பின்னேரம் குழு கூடியது. பீடத்துணி பொன்னிறமா வெள்ளையா என்று நீண்ட வாதம். கேகாலையிலிருந்து ஒலிபெருக்கி. முதல் வாசகத்துக்கு லாசருவின் மருமகள். காணிக்கைப் பழத்தட்டு ஏந்த லாசருவின் தம்பி. கொடியை ஏற்ற, கேட்கவே வேண்டாம், லாசரு. கடவுளுக்கு மட்டும்தான் வேலை எதுவும் ஒதுக்கவில்லை.

“நற்கருணைக்குப் பாதர் மட்டும் போதும்” என்று கடைசியில் தொண்டையைச் செருமினார் லாசரு. “கொஞ்சம் நேரம் எடுக்கும். பரவால்ல.”

பாதர் சிங்களவர், பங்குக்காகத் தமிழ் படித்தவர். “மகள், திருநாளில் சண்டை வேண்டாம். ஒரு நாள் மட்டும் ரெஸ்ட் எடுங்க” என்றார் தரையைப் பார்த்து.

“நிறுத்துறதுன்னா நிறுத்துங்க பாதர். ஆனா பூசையில எல்லாரு முன்னுக்கும் சொல்லி நிறுத்துங்க. வாசக்கூட்டி மருமக கையால சாமிய வாங்க முடியாதாம், அதனால நிறுத்துறேன்னு சொல்லுங்க. பாத்திரத்த அங்கனயே வச்சிட்டுப் போயிர்றேன்.”

“சாதின்னு இங்க யாரும்மா சொன்னா?” லாசருவின் குரல் உயர்ந்தது. “சனங்களோட பக்தி கலையுது. அவ்வளவுதான்.”

“திங்கக்கெழம காலையில ஒங்க பேரன் என் கையாலதான் திரிபோஷ மாவு திங்கிறான் தலைவரே. அப்ப எதுவும் கலையலையா? இல்ல, ஞாயித்துக்கெழம மட்டுந்தான் என் கை நாறுதா?”

பாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவளை நிறுத்துவதாக அவர் சொல்லவில்லை. இடது வரிசையில் நிற்கச் சொல்லவும் இல்லை. அந்த மனிதரின் தைரியம் அவ்வளவுதான் என்று பிரேமலதா கணித்துக்கொண்டாள்.

திருநாளன்று கோயில் நிரம்பி வழிந்தது. ‘ஆண்டவரே, நான் தகுதியற்றவன்’ என்று கூட்டம் முழுவதும் ஒரே குரலில் சொன்னது. இவ்வளவு உண்மையை இவர்கள் இவ்வளவு சத்தமாகச் சொல்லி அவள் கேட்டதில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து, வழக்கமான மூலையில் நிற்காமல் நடைபாதையின் நடுவை ஒட்டி நின்றாள்.

பின்பக்கம் முழுவதும் சனம் நெருக்கி நின்றதால் அன்று சுற்றிப் போக வழியில்லை. இடதுபக்க முதல் பெஞ்சு தலைவருடையது. அவர் பாதரிடம் போக வேண்டுமானால் அவளைக் கடந்துதான் போக வேண்டும். கடக்க வந்தார். பிரேமலதா அப்பத்தை அவர் முகத்துக்கு நேரே உயர்த்தினாள்.

“கிறிஸ்துவின் திருவுடல்.”

“ஆமென்!”

வாய் முந்திவிட்டது. எத்தனையோ வருடத்துப் பழக்கம். பாட்டுக்காரர்கள் மூச்சுவாங்க நிறுத்திய வேளை. ‘ஆமென்’ கடைசிப் பெஞ்சுவரை கேட்டது. அதற்குப் பிறகுதான் லாசருவுக்கு யார் கை அது என்று உறைத்தது. பாதி நீண்ட உள்ளங்கையை மடக்கிக்கொண்டு, தலை குனிந்து, பாதர் பக்கம் நகர்ந்தார். பாதரும் அதையே சொல்லி அப்பத்தை நீட்டினார். இந்தமுறை லாசருவுக்குக் குரல் வரவில்லை. பதில் வரட்டும் என்று பாதர் காத்து நின்றார். வெகுநேரம் காத்து நின்றார்.

பின்னால் வந்த திரேசம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கடந்தார்கள். பிரேமலதா ஒருவருக்கும் கையை இறக்கவில்லை, கண்ணையும் இறக்கவில்லை. வாசலோரம் நின்றிருந்த மதுசன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். புது வீட்டை மறந்தானோ என்னவோ, இடது வரிசையில் அவன் ஒருத்தன் மட்டும் நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டான்.

அடுத்த கூட்டத்தில் திருநாள் சிறப்பாக நடந்தது என்று பேசினார்கள். பிறகு லாசரு ஒரு யோசனை சொன்னார்: முதல் பெஞ்சை வலதுபக்கம் மாற்றிப் போட வேண்டும், அங்கேதான் காற்று நன்றாக வருகிறது. எல்லாரும் தலையாட்டினார்கள். காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. உடனே நாலு பேர் எழுந்து பெஞ்சருகே போனார்கள்.

“நானும் ஒரு பக்கம் புடிக்கட்டுமா?” என்றாள் பிரேமலதா.

அவள் எழுந்து போனாள். பெஞ்சின் நடுவில், தலைவர் உட்காரும் இடத்தில், சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

“ம், இப்ப தூக்குங்க.”